பென்ஸா, பிரீமியோவா? மலையகத்து ரோட்டுக்குக் கார் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்ததிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற காசுக்குப் புதுச் சின்னக் கார் எடுப்பதா, பத்து வருஷம் ஓடின பென்ஸ் எடுப்பதா? பேர் பெற்ற கம்பனி என்றால் பழுது குறைவா? நம் ரோட்டுக்கு எது தாங்கும்? தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரின் முன்னால் ஒட்டியிருக்கிற சின்னத்தை மட்டும் வைத்து நான் எந்தப் பதிலும் சொல்வதில்லை. என்ன எஞ்சின், என்ன கியர்பொக்ஸ், எந்த வருஷம், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்ற நாலும் தெரிந்தால்தான் பேச முடியும்.

கதவைச் சாத்தினால் கனமாகச் சத்தம் வருகிறது, உள்ளே எல்லாம் மெத்தென்று இருக்கிறது. அப்படியென்றால் நல்ல கார்தானே?

நன்றாகச் செய்த கார் என்று சொல்லலாம். பழுதாகாத கார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கட்டுமானத் தரம் என்பது கண்ணுக்கும் கைக்கும் தெரிவது. பொனட்டுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஓடுகிறதா, பெயின்ட் சீராக இருக்கிறதா, கதவுக்கு எத்தனை ரப்பர் சுற்று, தரைக்குக் கீழே சத்தம் அடக்கும் பாய் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் இதில் சேரும். ஆடம்பரக் கம்பனிகள் இதில் உண்மையாகவே காசைக் கொட்டுகின்றன. ஆடி கம்பனி 1980-களின் நடுப்பகுதியிலேயே ஆடி 100 காரின் உடல் முழுவதையும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யத் தொடங்கியது. வட்டவளை, நுவரெலியா மாதிரி மழையும் பனிமூட்டமும் விடாத இடத்தில், கூரை இல்லாத முற்றத்தில் நிற்கிற வண்டிக்கு அது பெரிய காரியம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் நின்று தரை துருப்பிடிப்பது இங்கே சாதாரணம்.

நம்பகத்தன்மை வேறு. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறதா, ஐந்து வருஷத்தில் எத்தனை தடவை கராஜுக்குப் போனது, நடுவழியில் நின்றதா என்பதுதான் அது. இரண்டையும் தீர்மானிக்கிற ஆட்களே வேறு. கதவுச் சத்தத்தைச் சரிசெய்த எஞ்சினியருக்குக் கியர்பொக்ஸ் கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லை.

சில இடங்களில் இந்த இரண்டும் எதிரெதிராகவே போகும். ஐரோப்பியக் கார் பலவற்றில் கூரையின் உட்துணிக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச் ஒட்டியிருக்கும். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது பொடியாகி, துணி தொங்கத் தொடங்கும். பொத்தான்களில் பூசிய மெத்தென்ற ரப்பர்ப் பூச்சு சில வருஷத்தில் பிசுபிசுக்கும். சின்ன சுசுக்கி அல்டோவின் கட்டியான பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அழகில்லைதான், ஆனால் அப்படியே கிடக்கும்.

சின்னக் கார்களில் தகரம் மெல்லிசு, அமுக்கினால் உள்ளே போகிறது. அப்போ பாதுகாப்பும் இல்லையா?

வெளித்தகட்டை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. மோதலைத் தாங்குவது உள்ளே இருக்கும் சட்டகமும் தூண்களும். அவை எந்த உருக்கில், எப்படிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன என்பது விரலால் அமுக்கினால் தெரியாது. மோதல் சோதனையில் அந்த மாடல் எப்படிச் செய்தது, எத்தனை ஏர்பேக் இருக்கிறது என்று பாருங்கள்.

விலை கூடிய கார்தானே குறைவாகப் பழுதாக வேண்டும்? ஏன் மாறி நடக்கிறது?

அதில் பழுதாகக்கூடிய சாமான் அதிகம். சாதாரண டொயோட்டா அக்சியோவில் ஷொக் அப்சோபர் இருக்கிற இடத்தில், பெரிய பென்ஸில் காற்றுப் பை, அதற்கு ஒரு கொம்ப்ரஸர், வால்வு, உயரம் அளக்கும் சென்சர் எல்லாம் இருக்கும். தண்ணீர்ப் பம்பை பெல்ட் ஓட்டாமல் மோட்டார் ஓட்டும். சீட்டுக்குள்ளும் ஒரு கணினி இருக்கும். ஒவ்வொன்றும் நல்ல சாமான்தான், ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும் வாய்ப்பும் கூடுகிறது. அதோடு, புதுத் தொழில்நுட்பம் எதுவும் முதலில் இறங்குவது விலை கூடிய மாடலில்தான். அதன் குறைகளைக் கண்டுபிடிக்கிற வேலை முதல் சொந்தக்காரர்கள் தலையில் விழுகிறது.

ஆனால் ஆடம்பரம் என்றாலே பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். லெக்சஸைப் பாருங்கள். டொயோட்டா அதை 1989-இல் எல்.எஸ்.400 காரோடு தொடங்கியது. வந்த முதல் வருஷமே சில குறைகள் தெரிய, விற்ற 8,000 அளவு கார்களையும் திரும்ப அழைத்தார்கள். பல சொந்தக்காரர்களின் வீட்டுக்கே போய்க் காரை எடுத்து, சரிசெய்து, கழுவித் திரும்பக் கொடுத்தார்கள். இன்றைக்கும் லெக்சஸ் ஈ.எஸ். காருக்கு அடியில் இருப்பது கேம்ரி குடும்பத்துச் சாமான்தான். ஏற்கெனவே லட்சக்கணக்கில் ஓடித் தேறிய எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி நல்ல தோலும் நல்ல கண்ணாடியும் போடுகிறார்கள். அதனால்தான் அது ஆடம்பரமாகவும் இருக்கிறது, பழுதும் குறைவு.

ஜெர்மன் கார் என்றால் உறுதி என்று அப்பா சொல்வார். அது பொய்யா?

அப்பா சொல்வது அவர் பார்த்த காருக்கு உண்மை. 1980-களில் வந்த பென்ஸ் டபிள்யூ124 இன்னும் பல நாடுகளில் டாக்ஸியாக ஓடியே தேய்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டும் வேண்டியதற்கு மேலேயே தடிப்பாக இருக்கும்.

ஆனால் அதே டபிள்யூ124-இல், 1990-களின் முதல் பாதியில் வந்தவற்றின் எஞ்சின் வயரிங்கைப் பாருங்கள். வயரைச் சுற்றிய உறை சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதற்குப் பின் வந்த டபிள்யூ210 துருவுக்குப் பேர் போனது. 2005-இல் பென்ஸ் கம்பனி மின்சாரக் கோளாறுகளுக்காக 13 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரே சின்னம்தான், இருபது வருஷத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்.

பீ.எம்.டபிள்யூ.விலும் அப்படித்தான். என்47 என்ற டீசல் எஞ்சின் 2007-இல் வந்தது. இங்கே பலர் ஆசைப்படுகிற 520டி கார்களில் 2010-களின் ஆரம்பத்தில் வந்தவற்றில் இருப்பதும் அதுதான். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் அதன் டைமிங் செயின் சீக்கிரம் தேய்கிறது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். தேய்வது பாதித் தொல்லைதான். அந்தச் செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம், கியர்பொக்ஸ் பூட்டுகிற பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு செயின் மாற்ற எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். அதே காரில் இருக்கும் இசட்.எஃப். எட்டு கியர் ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸோ நல்ல சாமான். கார்க் கம்பனிகள் அதற்கு ஆயுள் முழுக்க ஓயில் மாற்ற வேண்டாம் என்கின்றன. கியர்பொக்ஸ் செய்த இசட்.எஃப். கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்போ ஜப்பான் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

கூடாது. கண்ணைத் திறந்து எடுங்கள்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜி.பி.5 என்று நம் ஆட்கள் சொல்வது, 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்தது. ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். வந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஐந்து தடவை திரும்ப அழைக்கப்பட்டது. கம்பனித் தலைமையே சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் நிலை வந்தது. ஹொண்டாவின் வெசல் ஹைபிரிட்டிலும் அதே வகைக் கியர்பொக்ஸ்தான். பின்னால் வந்தவற்றில் நிறையச் சரிசெய்தார்கள். ஆகவே 2013, 2014 வண்டியையும் 2017 வண்டியையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில், அதாவது 2009 தொடங்கி 2015 வரை வந்ததில், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வழி கரி பிடித்து அடைத்து, கடைசியில் ஹெட் கேஸ்கட் போவது தெரிந்த நோய். கரியை நேரத்துக்குச் சுத்தம் செய்தால் தள்ளிப்போடலாம். 2023 டிசம்பரில் டொயோட்டாவின் துணைக் கம்பனி டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளியே வந்தது. 64 மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன, டொயோட்டா பேரில் விற்றவையும் அதில் அடக்கம். ஜப்பான் பேர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு நான் ஜப்பான் காரைத்தான் சொல்கிறேன். காரணம் கீழே, பாகங்கள் பற்றிய கேள்வியில்.

மலை ரோட்டில் முதலில் எது போகும்?

என் கணக்கில் குளிரூட்டல், பிரேக், கியர்பொக்ஸ், அப்புறம் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ். எந்தக் காரைப் பார்த்தாலும் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் வேலை செய்கிறது, வண்டியோ மெதுவாகப் போகிறது. ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. உயரம் போகப் போகத் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலையும் இறங்குகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். காரில் அப்படி நடக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தம். அந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கொழும்பில் தெரியாத குறை ரதல்லை ஏற்றத்தில் தெரியும். மிகவும் மலிவான சாமான் அது, கார் எடுத்தவுடன் முதலில் மாற்றுங்கள்.

விலை கூடிய ஐரோப்பியக் கார் ஒன்று எனக்குத் தெரிந்த கராஜில் மாதக்கணக்கில் நின்றது. போனது எஞ்சின் இல்லை. தண்ணீர்க் குழாயை எஞ்சினோடு இணைக்கும், விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. கராஜ் மெக்கானிக், நாங்கள் பாஸ் என்று சொல்பவர், அதைக் கழற்றும்போது கையில் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே ஒரு பாதி சிக்கிக்கொண்டது. கொழும்பில் சாமான் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்குள் வேறு என்னென்ன பிளாஸ்டிக் காய்ந்திருக்கிறது என்று தேடினால் இன்னும் மூன்று கிடைத்தன. பழைய கொரோல்லாவில் அந்த இடத்தில் ஒரு உலோகக் குழாயும் ஒரு ரப்பர் ஹோஸும் இருக்கும். ஹட்டன் டவுனிலேயே வாங்கலாம்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது ஆடம்பரக் கார்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது, பெரிய டிஸ்க் போட்ட பென்ஸோ பீ.எம்.டபிள்யூ.வோ சின்னக் காரைவிட நம்பிக்கையாக நிற்கும். பனிமூட்டத்தில் அவற்றின் லைட்டும், ஈர ரோட்டில் வழுக்காமல் பிடிக்கும் கணினியும் நல்லவை. ஆனால் எந்தக் காரானாலும் பிரேக் ஓயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 4 ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கலாம். ஓயில் கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் மிதி தரைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓட்டோமெட்டிக் என்றால் டி-யில் விட்டு மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். எஸ், பி, எல் என்று உங்கள் காரில் எது இருக்கிறதோ அதைப் போட்டு எஞ்சினைக் கொண்டு பிடியுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரம்பொடையில் சக்கரத்திலிருந்து புகை வர நிற்பது இதைச் செய்யாததால்தான்.

கியர்பொக்ஸுக்கு வருவோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்கிறீர்கள் என்று வையுங்கள். எண்ணெயில் நனையாத உலர் இரட்டைக் கிளச் உள்ள காரில், பிரேக் பிடிக்காமல் எக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைத்தால் கிளச் முழு நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். கருகிய வாடை காருக்குள் வரும். அப்புறம் எச்சரிக்கை விளக்கு. ஹொண்டாவின் அந்த ஹைபிரிட், ஃபொக்ஸ்வாகன் குழுமத்தின் டிகியூ200 என்ற ஏழு கியர் பெட்டி இரண்டுமே உலர் கிளச் வகை. டிகியூ200-இல் போட்டிருந்த செயற்கை ஓயில் வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் மின்கோளாறு உண்டாக்கலாம் என்று 2013 நவம்பரில் 16 இலட்சம் அளவு கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இந்த வகைக் கார் இருந்தால், முன்னால் உள்ள வண்டிக்கு இடம் விட்டு, பிரேக்கில் நின்று, ஓர் இடைவெளி கிடைத்ததும் ஒரேயடியாக நகருங்கள். மெதுவாக ஊர்ந்தால்தான் கெடுதல்.

புஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து டிவிஷனுக்குப் போகிற கல் ரோட்டில் தினமும் போனால் எல்லாக் காரிலும் தேயும். அல்டோவில் செலவு சின்னது, காற்றுப் பை சஸ்பென்ஷனில் பெரியது.

உயரத்தில் கார் இழுக்கவில்லை. பழுதா?

பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நுவரெலியா உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கும். 660 சீ.சீ. காரில் நாலு பேரும் மரக்கறி மூட்டையும் என்றால் நன்றாகவே தெரியும். டர்போ எஞ்சின் இதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அதன் நல்ல பக்கம் இது.

ஹைபிரிட் மலைக்குச் சரிவருமா?

சரிவரும். நகரத்தில் மிச்சம் பிடிக்கிற அளவுக்கு இங்கே மிச்சம் பிடிக்காது, ஆனால் இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பெற்றரியில் ஏற்றி வண்டியைப் பிடிப்பதால் பிரேக்கைக் காப்பாற்றும். நீண்ட இறக்கத்தில் பெற்றரி நிரம்பிவிட்டால் அதற்குமேல் மின்சாரம் ஏற்ற இடம் இல்லை, திடீரென்று எஞ்சின் சத்தம் போட்டுப் பிடிக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

டொயோட்டா அக்வா ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பின் சீட்டின் பக்கத்தில் பெற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. அதன் கம்பி மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து ரோட்டில் ஓடுகிற வண்டியில் செம்மண் தூசியும் சீட்டுப் பஞ்சும் நாய் முடியும் சேர்ந்து பெல்ட் மாதிரி தடித்துப் படிந்திருக்கும். காற்றுப் போகாவிட்டால் பெற்றரி சூடாகும், சூடான பெற்றரி சீக்கிரம் சாகும். பெற்றரி போய்விட்டது என்று மாற்றின கார்கள் பலவற்றில் அந்த வழியை யாரும் ஒருநாளும் சுத்தம் செய்திருக்கவில்லை. அந்தத் துவாரத்தின் மேல் பேக்கையோ துணியையோ வைக்கவும் கூடாது.

டீசல் ஆடம்பரக் கார் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர் என்றால் யோசிக்கலாம். வீட்டிலிருந்து ஸ்கூலுக்கும் டவுனுக்கும் மட்டும் என்றால் வேண்டாம். புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக எஞ்சின் நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். கந்தகம் குறைந்த சூப்பர் டீசலும் வேண்டும். பெட்ரோல் டர்போவுக்கு 95 ஒக்டேன் கேட்பார்கள், அது மலையகத்துப் பெட்ரோல் ஷெட் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

பாகங்களும் கராஜும்தான் பிரச்சினை என்கிறார்கள். எவ்வளவு பெரிய பிரச்சினை?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

காரின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கும், சாமானின் விலை இறங்காது. பத்து வருஷம் ஓடின ஆடம்பரக் கார் புது வேகன் ஆர் விலைக்கு வரலாம். அதன் ஹெட்லைட்டும் கியர்பொக்ஸ் கணினியும் இன்னும் ஆடம்பரக் காரின் விலைதான். வாங்குகிற விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

நாம் ஓட்டுவது ரோட்டின் இடது பக்கம், ஜப்பானும் அப்படியே. அதனால் ஜப்பானில் ஓடின கார் எந்த மாற்றமும் இல்லாமல் இங்கே வருகிறது. அதோடு பாவித்த எஞ்சினும் கியர்பொக்ஸும் கதவும் கொள்கலன் கொள்கலனாக வந்து, கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் குவிகின்றன. காலையில் போன் பண்ணினால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். டொயோட்டாவின் அக்சியோ, விட்ஸ், அலியன், பிரீமியோ, சுசுக்கி அல்டோ எல்லாம் எந்த டவுன் பாஸுக்கும் தண்ணி பட்ட பாடு.

ஐரோப்பியக் காருக்கு அந்தக் கம்பனியின் ஸ்கேனரும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். கண்டியில் தேடினால் கிடைப்பார்கள். மற்றபடி கொழும்புக்குத்தான். ரெக்கவரி லொறியில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், புரியும். பல பீ.எம்.டபிள்யூ. கார்களில் ஸ்பெயார் வீல் கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயர் போட்டிருப்பார்கள். அந்த அளவு டயர் மஸ்கெலியாவில் எங்கே தேடுவது? அப்படியான கார் எடுத்தால் ஒரு ஸ்பெயார் வீலும் ஜாக்கியும் முதல் வேலையாக வாங்கி டிக்கியில் வையுங்கள்.

விலை கூடிய காருக்கும் சாதாரணக் காருக்கும் உள்ளே ஒரே சாமான் என்கிறார்களே?

பல இடத்தில் உண்மை. ஆடி ஏ3, ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப், ஸ்கோடா ஒக்டேவியா மூன்றும் ஒரே அடித்தளம். எஞ்சின், கியர்பொக்ஸ், சஸ்பென்ஷன் பாகங்கள் நிறையப் பொது. ஆகவே ஆடி என்பதால் மட்டும் கோல்ஃபைவிட நீண்ட நாள் ஓடும் என்று நினைக்க இடமில்லை. நன்மையும் உண்டு: ஒரே பாகத்தை ஸ்கோடா பேரில் மலிவாக வாங்கலாம். பாக இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், சின்னத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

இணையத்தில் வருகிற நம்பகத்தன்மைப் பட்டியல்களை நம்பலாமா?

எதை அளந்தார்கள் என்று தெரிந்தால் நம்பலாம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வருஷம் ஓடின காரின் முதல் சொந்தக்காரரிடம் கேட்கிறது. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் லெக்சஸ்தான் முதலிடம். ஆனால் அங்கே வருகிற முறைப்பாடுகளில் பெரும்பங்கு திரையும் போன் இணைப்பும் பற்றியவை. போன் சேராததும் கியர்பொக்ஸ் போவதும் அந்தக் கணக்கில் ஒவ்வொரு குறை. நமக்கு இரண்டும் ஒன்றில்லை. ஜெர்மனியின் டூஃப் பட்டியல், கட்டாயப் பரிசோதனையில் கண்ட குறைகளை எண்ணுகிறது. அங்கே போர்ஷே 911 அடிக்கடி மேலே நிற்கும். நன்றாகச் செய்த கார்தான், அதோடு அதை வைத்திருப்பவர்கள் குறைவாக ஓட்டி, நிறையச் செலவழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வருஷக் கார், அதுவும் வேறு காலநிலையில். பட்டியலை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பழைய லேண்ட் ரோவர் இன்னும் மலையில் ஓடுகிறதே. அதைவிட நம்பகமான வண்டி உண்டா?

அந்த வண்டியை எனக்கு மிகவும் பிடிக்கும். 1948-இல் வந்த வடிவம், போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு என்பதால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் நம் மழையிலும் உடல் நிற்கிறது. கீழே உள்ள உருக்குச் சட்டகம்தான் துருப்பிடிக்கும்.

ஆனால் அது பழுதாகாததால் ஓடவில்லை. அடிக்கடி பழுதாகும், ஓயில் ஒழுகும். நாலு ஸ்பேனர் இருந்தால் தேயிலை மலையின் நடுவில் வைத்தே திருத்தலாம், அதனால் ஓடுகிறது. திருத்த முடிவதும் நம்பகத்தன்மையின் ஒரு பக்கம் என்று நான் நினைக்கிறேன், புதிய கார்கள் அதைக் கைவிட்டது வருத்தம்தான். குடும்பத்தோடு கொழும்புக்குப் போக அதை எடுக்காதீர்கள். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை.

சரி, நீங்கள் என்ன எடுக்கச் சொல்கிறீர்கள்?

தோட்டத்திலோ சின்ன டவுனிலோ இருந்து ஒரே காரில் எல்லா வேலையும் பார்க்கிற குடும்பத்துக்கு, விபத்துப்படாத 1500 சீ.சீ. அக்சியோ, அலியன் அல்லது பிரீமியோ. கை கொஞ்சம் இறுக்கம் என்றால் அல்டோ, வேகன் ஆர். ஆடம்பரம் வேண்டும், பழுதும் வேண்டாம் என்றால் லெக்சஸ். ஜெர்மன் கார்தான் கனவு என்றால் தடுக்க மாட்டேன், அதை ஓட்டுகிற சுகம் உண்மை. வீட்டில் இரண்டாவது கார் இருக்கட்டும், திருத்தத்துக்கென்று ஒரு தொகை தனியாக இருக்கட்டும்.

எதை எடுத்தாலும், இரவு முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஏற்றத்தில் இருபது நிமிஷம் ஓட்டி, வெப்பமானி முள்ளைப் பாருங்கள். பின்பு ஸ்கேன். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் அங்கே ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் ஆர் என்று இருந்தால் விபத்துத் திருத்தம். தாளில் உள்ள கிலோமீட்டரையும் மீற்றரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள்.

பழைய காரின் ஏர்பேக் பற்றி ஏதோ ஆபத்து என்கிறார்களே, அது என்ன?

ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக். அதை விரிய வைக்கும் மருந்து அமோனியம் நைத்திரேட்டு. பல வருஷம் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து கெட்டு, மோதலின்போது வேண்டியதைவிட வேகமாக வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சும். உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி ஏர்பேக் பகுதிகள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017-இல் நிறுவனமே வங்குரோத்தானது. டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா, பீ.எம்.டபிள்யூ., பென்ஸ் என்று விலை வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அதைப் பூட்டியிருந்தார்கள். சூடும் ஈரமும் உள்ள நாடு என்பதால் நமக்கு இது பெரிய விஷயம்.

2000-களின் தொடக்கத்திலிருந்து 2010-களின் நடுப்பகுதி வரை வந்த கார் இருந்தால் சேசி இலக்கத்தை எடுங்கள். வாகனப் புத்தகத்தில் இருக்கும். ஜப்பான் கார் என்றால் அந்தக் கம்பனியின் ஜப்பானியத் தளத்தில் திரும்ப அழைப்புத் தேடும் இடத்தில் போட்டுப் பாருங்கள். மற்றவற்றுக்கு இங்குள்ள முகவரிடம் இலக்கத்தைக் கொடுங்கள். பட்டியலில் இருந்தால் கராஜ் பாஸிடம் கழற்றச் சொல்லாதீர்கள், அது வெடிக்கிற சாமான், முகவர்தான் மாற்ற வேண்டும். முன்பக்கப் பயணியின் ஏர்பேக்தான் பட்டியலில் இருக்கிறது என்றால், மாற்றும் வரை யாரையும் பின் சீட்டிலேயே ஏற்றுங்கள். ஓட்டுநர் பக்கம் என்றால் மாற்றும் வரை அந்தக் காரை எடுக்காதீர்கள்.